குஞ்ஞப்பன் அடைத்த வால்வு

நான் வேலை பார்த்த ஏலக்காய் எண்ணெய்த் தொழிற்சாலையில் இப்போது புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். வால்வு திறந்திருந்தால் பச்சை விளக்கு, மூடியிருந்தால் சிவப்பு விளக்கு. அதைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண் போன மாதம் போடியில் என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"உங்க காலத்துல வால்வு மூடியிருக்கான்னு எப்படி சார் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டாள்.

"கையை வச்சுப் பாப்போம்மா."

"கையும் ஏமாத்திட்டா?"

கெட்டிக்காரப் பெண். நான் முப்பது வருஷத்துக்குமேல் ஃபிட்டராக இருந்து கேட்டுக்கொள்ளாத கேள்வியை, காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள். "ஒருதடவை ஏமாத்துச்சு. ஒரு ஆளுக்கு வேலை போச்சு" என்றேன். எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனாள். அதில்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. அப்பா நிலக்கடலை போட்டார், நான் போடியில் பஸ் ஷெட்டில் மூன்று வருஷம் கிரீஸ் துடைத்தேன். படிப்பு என்று சொல்ல வேறொன்றும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில், குரங்கணி போகிற சாலையில் ஒரு முதலாளி ஏலக்காய் எண்ணெய் வடிக்கிற ஆலை போட்டார். வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரங்களைக் கப்பலில் வரவழைத்திருந்தார். மேலே ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டை வாசிக்கத் தெரியும் என்று சொன்னதால் எனக்கு வேலை கிடைத்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பது உண்மை. அர்த்தம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஏலக்காய் எண்ணெய் சூட்டைத் தாங்காது. சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் மணம் கருகிவிடும். அதனால் பானைக்குள் இருக்கும் காற்றை ஒரு பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவோம். எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று பானைமேல் இருக்கும் கேஜின் முள் காட்டும். காற்று இல்லாத இடத்தில் இளஞ்சூட்டிலேயே எண்ணெய் ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்துக் கண்ணாடி ஜாடியில் பிடிக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக, வாசற்படி வரைக்கும் வந்து ஆளை அழைக்கிற மணத்தோடு இறங்கும்.

உறிஞ்சுகிற பம்புக்குள் கறுப்பு எண்ணெய் இருக்கும். பானைக்கும் பம்புக்கும் நடுவில்தான் நம் கதாநாயகன், அந்த வால்வு. அதன் தலையில் சிறு உருளை ஒன்று உண்டு. அதற்குள் அமுக்கிய காற்றை அனுப்பினால் வால்வு தூக்கித் திறக்கும். காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் அமுக்கி மூடிவிடும். காற்றை அனுப்பவும் விடவும் எட்டடி தள்ளிச் சுவரோரமாக ஒரு பித்தளைத் திருகு. பம்பை நிறுத்துமுன் திருகைத் திருப்பி வால்வை அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் பம்பை நிறுத்தினால், காற்றில்லாத பானை சும்மா இருக்காது, பம்பிலிருக்கும் கறுப்பு எண்ணெயை ஜாடி வழியாக உறிஞ்சிக் குடித்துவிடும். வால்வு முழுக்க மூடிபோட்டது. உள்ளே ஏறிற்றா இறங்கிற்றா என்று கண்ணுக்குத் தெரியாது. தலையில் உள்ளங்கையை வைத்தால் 'டக்' என்று ஒரு தட்டு தெரியும். அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் ஞானமுத்து சார், கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். குள்ளமான மனிதர், சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். யாரையும் திட்டமாட்டார். அவர் கோபத்தை மரியாதையை வைத்துத்தான் அளக்க வேண்டும். "வாடா" என்றால் எல்லாம் நலம். "வாங்க தம்பி" என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். "வாங்க சுருளிவேல் அவர்களே" என்று கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

பழுது பார்ப்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. இயந்திரத்தின் முன்னால் போனதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "கண்ணுக்குக் கால் மணி, காதுக்குக் கால் மணி, அப்புறந்தான்டா கைக்கு" என்பார். அரை மணி நேரம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் போல வால்வைப் பார்த்து நிற்போம். முதலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "என்னய்யா, அதுக்கு மரியாதை செய்யிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

முதல் கோடையிலேயே அந்தச் சட்டத்தை மீறினேன். மலையிலிருந்து வறண்ட மேகாற்று அடித்த மாதம், வால்வு பாதிதான் தூக்கியது. நான் ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல், காற்று போதவில்லை என்று தீர்மானித்துக் கம்ப்ரஸரைக் கூட்டினேன். வால்வு தூக்கவில்லை. குழாய்தான் கழன்று, என் தலைத்துண்டை எடுத்துக் கூரையில் போட்டது.

"சுருளிவேல் அவர்கள் காத்தைக் கூட்டிட்டாங்க போலிருக்கே" என்றபடி சார் வந்தார். தன்னுடைய சவரத் தூரிகையில் சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொரு மூட்டாகத் தடவினார். உருளையின் அடியில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. உள்ளே இருந்த தோல் வாஷர் காய்ந்து சுருங்கி, காற்றை ஒழுகவிட்டிருக்கிறது. புது வாஷருக்குச் சீமைக்கு எழுதினால் கப்பலில் வர ஆறு மாதம் ஆகும். பஜாரில் செருப்புத் தைப்பவரிடம் பழசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் அவர், "எடதா, வலதா?" என்று கேட்டார். அவர் வெட்டிக்கொடுத்த தோலை விளக்கெண்ணெயில் ஊறவைத்துப் போட்டோம். சீமை வாஷரைவிட அதிக நாள் உழைத்தது.

அந்த வால்வு மூடும்போது, உருளையில் இருந்த காற்று திருகு வழியாக 'புஸ்' என்று வெளியேறும். ஒருநாள் முதலாளி வெளியூர் வியாபாரிகளை அழைத்துவந்து காட்டிக்கொண்டிருந்தார். சரியாக அவர் முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்றது. பாம்பு என்று நினைத்து ஏலக்காய் மூட்டை மேல் ஏறிவிட்டார். கனமான மனிதர். அவ்வளவு லகுவாக ஏறுவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இறங்கியதும் முதல் உத்தரவு, அந்தச் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது.

"அந்தச் சத்தத்தை வச்சுத்தான் வால்வு மூடுதுன்னு தெரியும்ங்க" என்றார் ஞானமுத்து சார்.

"அது மூடட்டும்யா. என்கிட்டச் சொல்லிட்டு மூட வேணாம்."

திருகின் வாயிலிருந்து சுவர் வழியாக வெளியே ஒரு செம்புக் குழாய் போட்டேன். வளைவு அழகாக வந்திருந்தது. நானே இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். குழாயின் வாயில் ஒரு துண்டு வலை கட்டவேண்டும் என்று தோன்றவில்லை.

பம்பைக் கவனித்துக்கொண்டவர் குஞ்ஞப்பன். குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்திலிருந்து வந்தவர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். எது நன்றாக இருந்தாலும் 'கொள்ளாம்' என்பார். புதிதாகக் கல்யாணமானவர். மனைவி தங்கம்மா பிறந்த வீட்டிலேயே இருந்தாள். போடியில் ஒரு வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஏலக்காய் வரத்து மும்முரமாக இருந்த சமயம். ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு முதல் தடவையாக அனுப்ப வேண்டிய எண்ணெய். ஞானமுத்து சார் இயந்திரச் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆலைக்குள் நுழைந்தபோது முதலாளியின் சத்தம் வெளியே கேட்டது. கண்ணாடி ஜாடியில் மஞ்சள் எண்ணெய்க்குள் கறுப்பு எண்ணெய் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏலக்காய் மணத்தை மீறி லாரி நாற்றம். குஞ்ஞப்பன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"வால்வை அடைக்காம பம்பை நிறுத்தினியா?"

"ஞான் அடைச்சு, முதலாளி."

"தூங்கிட்டியா?"

"ஞான் அடைச்சு."

"கேஜ் முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தியா இல்லியா?"

"சத்தியமாயிட்டும் அடைச்சு, முதலாளி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சுருளி, வால்வு சரியா இருக்கான்னு பாரு."

கைகளைப் பின்னால் கட்டச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. ஏணி போட்டு ஏறினேன். உருளைக்குக் காற்று வருகிறதா என்று பார்க்க, அதன் பக்கத்தில் குழாய் மூட்டை ஸ்பேனரால் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. உள்ளங்கையில் 'டக்' என்று தட்டியது. மறுபடி மாட்டி, காற்றை ஏற்றி, மறுபடி தளர்த்தினேன். மறுபடியும் 'டக்'.

"வால்வு நல்லா இருக்குங்க முதலாளி" என்று மேலேயிருந்தே சொன்னேன். "அப்போ நீ கெளம்பு" என்றார் முதலாளி, குஞ்ஞப்பனிடம்.

குஞ்ஞப்பன் என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கே மலையேறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான்கு நாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். ஞானமுத்து சார் திரும்பிவந்து, காலிப் பானையை வைத்து ஒரு வெள்ளோட்டம் பார்க்கவேண்டும் என்றார். நான் ஏணியில் நின்று வால்வின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். அவர் கீழே திருகைத் திருப்பிவிட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்து, பத்து, இருபது. நாற்பதுவரை எண்ணினார். கையில் ஒன்றும் தட்டவில்லை.

"அன்னைக்கு எப்படிப் பாத்தீங்க, சுருளிவேல் அவர்களே?"

ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. குஞ்ஞப்பன் காற்றை விட்டது திருகு வழியாக, அந்தச் செம்புக் குழாய் வழியாக. நான் விட்டது தளர்த்திய மூட்டு வழியாக. அவர் நடந்த பாதையில் நான் காலே வைக்கவில்லை. வேறு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தக் கதவு நன்றாகத் திறக்கிறது என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

சுவருக்கு வெளியே ஓடினேன். அங்கே பேச்சியக்கா முறத்தில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் அவள் உட்கார்கிற இடம் அதுதான்.

"யக்கா, இந்தக் கொழாயி ஊதுச்சா?"

"அது ஊதி எத்தனை நாளாச்சு! தெனமும் எங்கண்ணுல தூசியக் கெளப்பும். அந்தக் குஞ்ஞப்பன் போனானே, அதுக்கு முந்துன நாளு மெல்ல மொனகுச்சு. அவன் போன அன்னைக்குச் சத்தமே இல்ல. நானும் அப்பாடான்னு என் சோலியப் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கிட்ட யாரு கேட்டா? நீயி கேட்டியா?"

குழாயின் வாயைப் பார்த்தேன். வழவழவென்று செம்மண் பூசி அடைத்திருந்தது. குளவிக் கூடு. என்னைவிட நேர்த்தியான வேலை. கம்பியை எடுத்துக் குத்தப் போனேன். பின்னாலிருந்து ஞானமுத்து சார், "கையை எடுடா!" என்றார். வாடா போடா வந்துவிட்டது என்றதும் எனக்கு உயிர் வந்தது.

"இப்ப எடுத்துட்டா எதைக் காட்டுவே? முதலாளியக் கூட்டியா, வெரசா."

முதலாளி வந்தார். அவரை ஏணியில் ஏற்றி, வால்வின் மேல் கையை வைக்கச் சொல்லி, சார் திருகைத் திருப்பினார். நாற்பது எண்ணியும் தட்டவில்லை. பிறகு முதலாளி வெளியே வந்து, குழாயின் வாயருகே குனிந்தார். நான் உள்ளே போய் வால்வில் கை வைத்தேன். சார் வெளியிலிருந்து கம்பியால் குத்தினார். என் உள்ளங்கையில் 'டக்', வெளியே 'புஸ்', அதைத் தொடர்ந்து முதலாளியின் அலறல். குளவி தன் குஞ்சுகளுக்காகச் சேர்த்துவைத்திருந்த பச்சைப் புழுக்கள் மண்ணோடு சேர்ந்து அவர் வெள்ளைச் சட்டையில் அப்பியிருந்தன.

பேச்சியக்கா முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். தூசிக்காக இல்லை.

முதலாளி புழுக்களைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். சத்தத்தை வெளியே போடச் சொன்னவர் அவர், போட்டவன் நான். இரண்டுபேருக்கும் அது தெரியும். "அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்கய்யா" என்றார்.

"யாரு போறதுங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"வால்வு நல்லா இருக்குன்னு சொன்னவருதான்" என்றார் ஞானமுத்து சார். "போயிட்டு வாங்க, சுருளிவேல் அவர்களே."

ஜீப்பு குரங்கணி வரைக்கும் போனது. அதற்கு மேல் நடை. நான்கு மணி நேர ஏற்றம், காலெல்லாம் அட்டை. என்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஏற ஏற அது சிறிதாகிக்கொண்டே வந்தது. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் அவர் மாமனார் வீட்டைக் கண்டுபிடித்தபோது மூச்சு மட்டும்தான் மிச்சம்.

குஞ்ஞப்பன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடரியை இறக்கவில்லை, அடுத்த கட்டையை எடுத்து வைத்தார்.

"தப்பு என் பேருலதான். வால்வுதான் மூடலை. நீங்க வேலைக்கு வரணும்" என்றேன்.

"என்கிட்டப் பறயாண்டாம். அகத்து ஆளு இருக்கு. அவருகிட்டச் சொல்லு" என்று வீட்டுக்குள் கை காட்டினார்.

உள்ளே மாமனார். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்குப் பொறுப்பானவர். மருமகன் தூங்கி எண்ணெயைக் கெடுத்துவிட்டுத் துரத்தப்பட்டான் என்று மலை முழுக்கப் பேச்சு. இந்த ஆளோடு பெண்ணைப் போடிக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நான் பம்பு, பானை, வால்வு என்று விளக்கினேன். கண் இமைக்காமல் கேட்டுவிட்டு, "ஒண்ணும் மனசிலாகலை" என்றார்.

வெளியே ஒரு பப்பாளி மரம் நின்றது. இலைத் தண்டு ஒன்றை ஒடித்து, இரண்டு முனையையும் நறுக்கினேன். குழல் மாதிரி இருக்கும். ஒரு செம்புத் தண்ணீரில் விட்டு உறிஞ்சி, மேல் முனையைக் கட்டைவிரலால் பொத்தித் தூக்கினேன். தண்ணீர் உள்ளேயே நின்றது.

"இறங்குதா?"

"இல்லை."

விரலை எடுத்தேன். சளக்கென்று இறங்கியது.

"மேலே காத்துக்கு வழி விட்டாத்தான் கீழே இறங்கும். அந்த மாதிரிதான் வால்வும். காத்துப் போனாத்தான் அது இறங்கி மூடும். இவரு அடைக்கத்தான் செஞ்சாரு. ஒரு குளவி கட்டைவிரலை வச்சிருச்சு."

மாமனார் தண்டை வாங்கித் தானே உறிஞ்சிப் பார்த்தார். மூன்று தடவை செய்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மெஷின் வேலை தெரிஞ்ச ஆளல்லே?"

"ஆமாங்க."

"ஒரு குளவிக் கூட்டைக் காணலையோ?"

"காணலைங்க."

அடுப்படிக் கதவோரம் தங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள். "அப்போ இவரு உறங்கலையா?"

"சத்தியமா உறங்கலைம்மா" என்றேன். ஏறிவந்த மலைக்கு ஏதாவது பலன் வேண்டாமா? சத்தமாகவே சொன்னேன்.

"இங்கே உண்டதும் உறங்குற மாதிரி அங்கேயும் உறங்கியிருப்பாருன்னு நானே நெனைச்சுப் போயி" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கப்பைக்கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வந்தன. வீடு கிடைத்ததும் பெண்ணை அனுப்புவதாக மாமனார் என்னிடமே வாக்குக் கொடுத்தார், ஏதோ நான்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி.

அன்றைக்கு அங்கேயே தங்கி, காலையில் குஞ்ஞப்பனும் நானும் இறங்கினோம். முன்னால் அவர், பின்னால் நான். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை, நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

குரங்கணி டீக்கடையில் இரண்டு டீ வாங்கினார். ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"சுருளியண்ணே, அன்னைக்கு ஞான் உறங்கினேன்."

டீ எனக்குப் புரையேறிவிட்டது.

"அடைச்சிட்டுத்தான் உறங்கினேன்" என்றார் அவசரமாக. "திருகைத் திருப்பி, பம்பை நிறுத்தி, துண்டை விரிச்சுக் கிடந்தேன். முள்ளை நோக்கியிருந்தா இறங்கினது தெரிஞ்சிருக்கும். நோக்கலை."

"பின்னே உங்க மாமனாருக்கு முன்னாடி என்னை ஏன்யா சத்தியம் பண்ணவிட்டீங்க?"

"ஞானா பண்ணச் சொன்னேன்? நீயாத்தானே பண்ணினே."

போன வாரம் ஏணி மேல் நின்று, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி இவர் வேலையைக் கெடுத்தேன். நேற்று இவர் மாமனார் வீட்டு நடுவில் நின்று, மறுபடியும் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சத்தியம் செய்து இவர் குடும்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறேன். ஞானமுத்து சாருக்குத் தெரிந்தால் என்னை என்ன மரியாதையில் கூப்பிடுவார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில்தான் முதல்முதலாக எழுதுகிறேன்.

குஞ்ஞப்பன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். நான் மலையேறிப் போனதிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ரெண்டு தடவையும் நீ பாக்காமத்தான் சொன்னே, சுருளியண்ணே" என்றார். "ஆனா, ரெண்டாவது சொன்னது கொள்ளாம்."